எறக்கு டாக்டர்

எனக்கு வயசு எண்பத்து நாலு. பெத்தது ஏழு, வளர்த்து ஆளாக்கினது ஏழு. என் காலத்துல இந்தக் கரையான்சாவடி, பூந்தமல்லி சுத்துவட்டாரத்துல ஒரு குழந்தையைக்கூட மண்ணுக்குக் கொடுக்காத பொம்பளை வேற யாராவது இருந்தா வந்து சொல்லட்டும். பெருமைக்குச் சொல்றேன்னு நினைச்சா நினைச்சுக்கோங்க. பெருமைதான். ஆனா அந்த ஏழுல மூத்தவ தங்கினது என்னால மட்டும் இல்லை. அதை எழுதத்தான் உக்காந்திருக்கேன். எழுத்துக் கூட்டி எழுதறவ நான், மெதுவாத்தான் வரும். நீங்களும் மெதுவாவே படிங்க.

வெள்ளைக்காரன் காலத்துல எங்க ஊர்ல ஒரு டாக்டர் இருந்தார். எமனே வந்து ஒரு உசிரைக் கொண்டு போகணும்னாலும், அவர் வாசல்ல நின்னு பதில் சொல்லிட்டுத்தான் போகணும். ஊர் உலகத்துல டாக்டருங்க உசிரோட இருக்கிறவங்களுக்கு வைத்தியம் பார்ப்பாங்க. எங்க டாக்டர் செத்தவங்களுக்குப் பார்த்தார்.

அவருக்கு அப்பா அம்மா வெச்ச பேர் என்னன்னு எங்க தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. வாசல்ல பலகை இருந்தது, இங்கிலீஷ்ல எழுதியிருந்தது, படிக்க ஆள் இல்லை. நாங்க வெச்ச பேர் எறக்கு டாக்டர்.

ஏன்னு கேளுங்க. ஊர்ல எவ்வளவோ நல்ல வீடு காலியா கிடந்தப்போ, இந்த மனுஷன் சுடுகாட்டுப் பாதையில கடைசி வீட்டைப் புடிச்சார். அதுக்கு நேர் எதிர்ல அரிச்சந்திரன் கல். எந்தப் பொணமும் அந்தக் கல்லு முன்னாடி ஒரு நிமிஷம் இறங்கி, தலைமாடு கால்மாடு மாத்திக்கிட்டுத்தான் சுடுகாட்டுக்குள்ள போகும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவர் அங்கே குடி வந்தார். கல்லு கிட்ட வர்றதுக்கு முன்னாடியே, "எறக்கு! எறக்கு!"ன்னு கையை ஆட்டிக்கிட்டு ஓடி வருவார். கையில ஈரத்துணி சுத்தின ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி.

அந்தக் கண்ணாடியை எப்பவும் பானைத் தண்ணிக்கு மேலே, ஈரத்துணியில சுத்தித்தான் வெச்சிருப்பார். சூடான கண்ணாடியில மூச்சுப் பட்டா பனி புடிக்காதாம். துணியைப் பிரிச்சு, துடைச்சு, பொணத்து மூக்குக்கிட்ட புடிப்பார். அப்புறம் குனிஞ்சு காதுல பேர் சொல்லி மூணு தடவை கூப்பிடுவார். சும்மா இல்லை, பக்கத்து வீட்டுக்காரரை எழுப்புற மாதிரி பதமா கூப்பிடுவார். கூப்பிட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருப்பார். ஒரு நாழிகை. வெயிலோ மழையோ, முழுசா ஒரு நாழிகை. பொம்பளைங்க நாங்க தெருமுனை தாண்ட மாட்டோம். எங்க ஆம்பளைங்க வந்து சொல்லுவாங்க: அந்த நேரத்துல காக்காகூட கத்தாதாம், யாராவது இருமினா பாடையில இருந்து வந்த சத்தமோன்னு எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குவாங்களாம்.

பறை அடிக்கிற ஏகாம்பரத்துக்கு ஒரு நாள் பொறுமை போச்சு.

"டாக்டரே, நான் முப்பது வருசமா அடிக்கிறேன். என் சத்தத்துக்கு எழுந்துக்காத பொணம் உன் கண்ணாடிக்கா எழுந்துக்கப் போவுது?"

"நீ போடற சத்தத்துலதான் ஏகாம்பரம், பயந்துக்கிட்டுப் படுத்திருக்கார். கொஞ்சம் நிறுத்து."

ஏகாம்பரம் நிறுத்திட்டான். அந்த அமைதி பறைச்சத்தத்தைவிட மோசமா இருந்துச்சுன்னு அவனே எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்கான்.

இப்படிப் பன்னிரண்டு வருஷம். எத்தனை பாடை எறக்கியிருப்பார்! ஒண்ணுகூட எழுந்திருக்கலை. ஆனா அவர் ஒரு தடவைகூடச் சலிச்சுக்கலை. ஒவ்வொரு தடவையும் கடைசியில பொணத்தைப் பார்த்து, "மன்னிக்கணும், தாமதம் பண்ணிட்டேன்"னு சொல்லிட்டுத்தான் எழுந்திருப்பார்.

அதுக்காக உசிரோட இருக்கிறவங்களை விட்டுட்டார்னு நினைக்காதீங்க. அயனம்பாக்கத்துல இருந்து வானகரம் வரைக்கும் சைக்கிள்லயே சுத்துவார். கட்டி வந்தவன், கால்ல முள் ஏறினவன், பல் வலிக்காரன், யாரையும் விடமாட்டார். மருந்துக்குக் காசுன்னு யார் முன்னாடியும் அவர் கை நீண்டதில்லை. ஆனா அவரை வீட்டுக்குக் கூப்பிட மட்டும் எல்லாருக்கும் பயம். வழியில பார்த்தா கட்டுப் போட்டுக்குவாங்க, மருந்து வாங்கிக்குவாங்க. வீட்டு வாசப்படி ஏற விடமாட்டாங்க. பொணத்தோட பேசறவன் படியேறினா பின்னாடியே என்ன வரும்?

அவர் அதைப் பத்திக் கவலையே பட்டதில்லை. வானகரம் ரோட்டுல கள்ளுக்கடைக்குப் பக்கத்துப் புளியமரத்தடியில ஒரு மத்தியானம் சின்னசாமின்னு ஒருத்தன் மல்லாந்து கிடந்தான். டாக்டர் சைக்கிளைச் சாய்ச்சுட்டு, மூக்குல கண்ணாடியை வெச்சு, காதுல மூணு தடவை கூப்பிட்டார். மூணாவது தடவைக்கு அவன் கண்ணைத் திறந்தான். எதிர்ல ஈரம் சொட்டுற கண்ணாடி, அதுக்குள்ள ஒரு மூஞ்சி, அதுக்கு மேலே எறக்கு டாக்டர் மூஞ்சி.

"டாக்டரே! நான் பூட்டனா? எப்போ பூட்டேன்?"

"இன்னும் இல்லை சின்னசாமி. இப்படியே குடிச்சா அடுத்த தடவை என் வாசல்ல பார்ப்பேன்."

அன்னையில இருந்து சின்னசாமி குடியை விட்டுட்டான்னு நினைச்சுடாதீங்க. கடையை மாத்திக்கிட்டான்.

கிணத்துக்கு மருந்து போட்ட கதையும் உண்டு. வாந்திபேதி வர்ற பருவத்துல ஒரு பொடியைக் கொண்டு வந்து ஊர்க் கிணத்துல கொட்டிட்டார். தண்ணி மொத்தமும் கத்தரிப்பூ நிறம். வாளியை இழுத்தவ அலறிக்கிட்டு வாளியோட தரையில விழுந்தா. "தண்ணியில ரத்தம் கலக்குறான், காத்து கருப்புக்கு ஊட்டறான்"னு கூட்டம் கூடிடுச்சு. டாக்டர் சொம்புல மொண்டு அவரே முதல்ல குடிச்சுக் காட்டினார். பல்லும் உதடும் கத்தரிப்பூ நிறத்துல நின்னு எங்களைப் பார்த்துச் சிரிச்சார் பாருங்க, எங்க தெருக் குழந்தைங்க மூணு நாள் தூக்கத்துல அழுதுச்சுங்க.

எங்க மாமனார் போனப்போதான் நான் அவர்கிட்ட முதல் தடவை பேசினேன். பேசினேன் என்ன, சண்டைதான். சில சமயம் பறைச்சத்தம் கேட்டா வாசல்ல பாடை வர்ற வரைக்கும் பொறுக்காம, சத்தம் வந்த வீட்டுக்கே வந்துடுவார். அப்படித்தான் எங்க வீட்டுக்கும் வந்தார். பாடை கட்டிக்கிட்டு இருக்காங்க, இவர் கண்ணாடியோட நடுக்கூடத்துல உக்காந்துட்டார். எங்க மாமனாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுறார். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆள் அந்த ஊர்லயே கிடையாது. எனக்கு அப்போ பதினாறு வயசு, வாய் மட்டும் நாற்பது.

"இன்னா டாக்டரே, உசுரோட இருந்தப்ப வராத ஆளு இப்ப இன்னாத்துக்கு வந்துகினு கீறீங்க?"ன்னு கேட்டேன்.

அவர் தலை தூக்கினார். "உசிரோட இருந்தப்போ கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பேனேம்மா. உங்க வீட்டுல யாரும் கூப்பிடலையே."

எல்லார் எதிர்லயும் சொன்னார். அந்த வார்த்தைக்காக அடுத்த மூணு வருஷம் அவரைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனேன்.

மூணாவது வருஷம் என் மூத்தவ தனத்துக்கு ஒன்றரை வயசு. அந்த வருஷம் வாந்திபேதி வந்த மாதிரி அதுக்கு முந்தியும் வரலை, பிந்தியும் வரலை. தெருவுல நாய்கூட நடக்கலை. வாசலுக்கு வாசல் வேப்பிலை. முதல்ல எனக்கு வந்தது, நான் பிழைச்சேன். அடுத்து குழந்தைக்கு வந்தது. எங்க வீட்டுக்காரர் வண்டி ஓட்டிக்கிட்டுப் பட்டணம் போயிருந்தார். வீட்டுல மாமியாரும், மச்சினர் கோவிந்தனும், நானும்தான்.

டாக்டரைக் கூப்பிடலாமான்னு ஒரு தடவை எனக்கு வாய் வரைக்கும் வந்தது. "அவன் இந்த ஊட்டுப் படி ஏறினா என் பேத்தி எறங்கிடுவா"ன்னு மாமியார் சொன்னாங்க. நான் வாயை மூடிக்கிட்டேன். பயம் பாதி. வீம்பு பாதி. அவர்கிட்டப் போய் நான் நிக்கிறதான்னு ஒரு வீம்பு. பெத்தவ நான், என் வீம்பைப் பார்த்தீங்களா.

மறுநாள் உச்சி வேளைக்குக் குழந்தை சில்லுன்னு ஆயிடுச்சு. கண் மேலே சொருகி, உதடு நீலம் பாஞ்சு, கை விரல் எல்லாம் தண்ணியில ஊறின மாதிரி சுருங்கிப் போச்சு. மாமியார் மூக்குல கை வெச்சுப் பார்த்தாங்க, நெஞ்சுல காது வெச்சுப் பார்த்தாங்க. அப்புறம் பழைய புடவை ஒண்ணைக் கிழிச்சாங்க. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். அழுகை வரலை. உடம்புல அழுறதுக்குத் தண்ணி இல்லை.

எங்க பக்கம் சின்னக் குழந்தைக்குப் பாடை கிடையாது. பறை கிடையாது. சுடுகாட்டுக்கும் போகாது. துணியில சுத்தி, ஒரே ஒரு ஆம்பளை தோள்ல சாய்ச்சுக்கிட்டு, தூங்குற குழந்தையைத் தூக்கிப் போற மாதிரி ஏரிக்கரைக்குக் கொண்டு போய்ப் புதைச்சுட்டு, திரும்பிப் பார்க்காம வந்துடணும். கோவிந்தன் ஒரு தோள்ல குழந்தையையும் ஒரு தோள்ல மண்வெட்டியையும் போட்டுக்கிட்டுப் பின்பக்கமா இறங்கிப் போனான்.

அவன் முதுகு மறையறப்போதான் எனக்கு உறைச்சது. இந்த ஊர்ல பெரியவங்க சாவு ஒண்ணுகூட எறக்கு டாக்டர் பார்க்காம போனதில்லை. என் குழந்தை அவர் பார்க்காமலே போவுது. அவர் வாசல் வழியாப் போகலை. பறை இல்லை, அவருக்குக் கேக்காது.

ஓடிப் போய்க் கூப்பிட என் கால்ல பலம் இல்லை. எழுந்தேன், விழுந்தேன். தவழ்ந்து போய் அடுப்பங்கரையில இருந்த பித்தளைத் தவலையை உருட்டிக்கிட்டு வாசலுக்கு வந்தேன். இரும்புக் கரண்டியை எடுத்து அடிச்சேன். சும்மா அடிக்கலை. ஏகாம்பரம் அடிக்கிற அதே அடி. சின்ன வயசுல இருந்து கேட்ட அடி, கைக்குத் தெரியும்.

மாமியார் ஓடி வந்தாங்க. "அடிப்பாவி! தாலி கட்டிக்கினவ, நட்டநடு வாசல்ல, நம்ம ஊட்டுக்கு நீயே சாப்பறை அடிக்கிறியாடி!"ன்னு கரண்டியைப் புடுங்கினாங்க. நான் கையால அடிச்சேன். அந்த வெயில்ல, ஒரு மனுஷ வாடை இல்லாத தெருவுல, அந்தச் சத்தம் போய்ப் போய் எங்கேயோ இடிச்சுத் திரும்பி வந்தது. யாரோ எனக்குப் பதில் அடிக்கிற மாதிரி இருந்துச்சு. இன்னைக்கும் உச்சி வெயில்ல பாத்திரம் உருண்டா எனக்கு மயிர் கூச்செறியும்.

சைக்கிள் வந்தது. வலது கையில சோத்துப் பருக்கை ஒட்டிக்கிட்டு இருக்கு, சட்டைப் பொத்தான் போடலை, இடது கையில ஈரத்துணி. இறங்கினவர் கூடத்தை எட்டிப் பார்த்தார். வெறும் கூடம்.

"எங்கேம்மா?"

நான் ஏரிக்கரைப் பக்கம் கையைக் காட்டினேன். குழந்தைன்னு அவருக்குப் புரிஞ்சிருச்சு. "ஏறு"ன்னார்.

ஊரான் சைக்கிள்ல, பின்னாடி, ஒரு பொம்பளை! என் மாமியார் சாகுற வரைக்கும் மத்ததெல்லாம் மன்னிச்சாங்க, அதை மன்னிக்கலை. நான் ஏறினேன். அந்த மேட்டுலயும் பள்ளத்துலயும் அவர் மிதிச்ச மிதிக்குச் சைக்கிள் அழுதது. கரை ஏறினோம். தூரத்துல கோவிந்தன் முழங்கால் ஆழக் குழிக்குள்ள நிக்கிறான். மேலே கிடத்தியிருந்த துணி மூட்டையைக் கையில எடுத்துக்கிட்டான். குனியறான்.

வாழ்க்கை முழுக்க "எறக்கு, எறக்கு"ன்னு கத்தின மனுஷன் அன்னைக்கு ஒரே ஒரு தடவை மாத்திக் கத்தினார்.

"எறக்காதே! டேய், எறக்காதேடா!"

கோவிந்தன் பயத்துல அப்படியே குனிஞ்சபடி நின்னுட்டான். டாக்டர் குழிக்குள்ளயே குதிச்சு, துணியை விலக்கி, கண்ணாடியைத் துடைச்சு மூக்குக்கிட்டப் புடிச்சார். "இவ பேரென்ன?"ன்னு கேட்டார். "தனம்"னேன். காதுல கூப்பிட்டார். "தனம். தனம்மா. அடி தனம்."

ஏரியில தண்ணி அசையலை. ஓலை அசையலை. கண்ணாடியில ஒண்ணுமில்லை. நேரம் போச்சு. கோவிந்தன், "டாக்டரே, போதும், வுட்டுடுங்க"ன்னான். டாக்டர் காதுலயே வாங்கலை. கண்ணை மூடிக்கிட்டு இருந்தார். மறுபடியும் கண்ணைத் திறந்து பார்த்தவர் முகம் மாறிப்போச்சு. கண்ணாடியில புளியங்கொட்டை அளவு பனி.

அவர் நம்பலை பாருங்க. பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவர், வந்தப்போ நம்பலை. தன் மூச்சுதான் பட்டிருச்சுன்னு நினைச்சு, கண்ணாடியை வேட்டியில துடைச்சு, தன் மூக்கையும் வாயையும் இறுக்கிப் பொத்திக்கிட்டு, மறுபடி வெச்சார். நானும் மூச்சைப் புடிச்சேன். கோவிந்தனும் புடிச்சான். அந்தக் கரை மேலே மூச்சு விடறதுக்கு மிச்சம் இருந்தது அந்தக் குழந்தை ஒண்ணுதான்.

பனி புடிச்சது.

அப்புறம் ரெண்டு நாள் எங்க வீட்டுல அவர் நகரலை. தொடையில உப்புத்தண்ணி ஊசி குத்தினார், வாயில உப்புத்தண்ணியைச் சொட்டுச் சொட்டா விட்டார். படியேற விடமாட்டேன்னு சொன்ன மாமியார் அவருக்குக் கஞ்சி ஆத்தித் தந்தாங்க. ரெண்டாம் நாள் சாயங்காலம், குழந்தை ஈனமா அழ ஆரம்பிச்சப்போ, நான் கேட்டேன்: "இன்னாத்துக்கு டாக்டரே இந்தக் கண்ணாடி?"

மெதுவாச் சொன்னார். படிச்சு முடிச்சு முதல் வேலை, எங்கேயோ தூரத்துல வாந்திபேதிக் கொட்டகையாம். வாசல்ல கூட்டம். பாயில ஒரு சின்னப் பொண்ணு அசையாம கிடந்தா. இவர் வாசப்படியில நின்னபடியே பார்த்துட்டு, "போயிடுச்சு, எடுங்க"ன்னு சொல்லிட்டார். மறுநாள் சுடுகாட்டு வெட்டியான் வந்து நின்னானாம். "சாமி, நேத்து அனுப்பிச்சீங்களே, அந்தப் பொண்ணு நெருப்புல கையை மடக்கிச்சு"ன்னானாம்.

"சூட்டுல நரம்பு இழுக்கும்மா. புஸ்தகத்துல போட்டிருக்கு. அதுவாத்தான் இருக்கும்"னார். கண்ணாடியை ஈரத்துணியில சுத்தினார். "ஆனா நான் கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்கலையே."

நான் தனத்தைத் தூக்கி அவர் மடியில வெச்சேன். அவர் சட்டையை அது நனைச்சுது. "பாருங்க, தண்ணி வெளியே வருது!"ன்னு வெற்றி கிடைச்ச மாதிரி எங்க எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஒண்ணுக்குப் போன குழந்தைக்கு அப்படி ஒரு கொண்டாட்டம் எந்த ஊர்லயும் நடந்திருக்காது.

அதுக்கப்புறம் எங்க ஊர்ல அவர் கத்தவே வேண்டியதில்லை. அவர் வாசல் வந்தா ஆளுங்க தானா பாடையை எறக்குவாங்க. ஏகாம்பரம் சொல்லாமலே பறையை நிறுத்துவான். சின்னக் குழந்தைங்களையும் அந்த வழியாவே கொண்டு போனாங்க. அவரை வீட்டுக்கும் கூப்பிட்டாங்க. மறுபடியும் யாரும் எழுந்திருக்கலை, ஆனா யாருக்கும் அந்த ஒரு நாழிகை வீணாத் தெரியலை.

சுதந்திரம் வர்றதுக்கு முந்தின மழைக்காலத்துல டாக்டர் போனார். உறவு ஜனம்னு ஒருத்தரும் இல்லை, ஊரே எடுத்தது. அவர் வீட்டு வாசல்ல இருந்து அரிச்சந்திரன் கல்லுக்குப் பத்து அடி. வீடே அங்கேதானே, பொம்பளைங்க நாங்களும் நின்னோம். கல்லுக்கிட்டப் போனதும் தூக்கினவங்க கால் நின்னுடுச்சு. பறை நின்னுடுச்சு. எறக்கணும். எறக்கச் சொல்ல ஆள் இல்லை. எல்லாரும் அந்தத் திறந்த கதவையே பார்க்கிறோம், இப்போ ஓடி வந்துடுவார்ங்கிற மாதிரி. சத்தியமாச் சொல்றேன், கதவு அசைஞ்சது. காத்துதான்.

அப்போ என் பக்கத்துல இருந்து ஒரு கீச்சுக் குரல்.

"எறக்கு!"

எட்டு வயசு தனம். எப்போ உள்ளே போனாளோ, கையில ஈரத்துணி சுத்தின கண்ணாடி.

எறக்கினாங்க. அவ பாடைக்குப் பக்கத்துல மண்டி போட்டு, துணியைப் பிரிச்சு, பாவாடையில துடைச்சு, அவர் மூக்குக்கிட்டப் புடிச்சா. காதுல குனிஞ்சு கூப்பிட்டா. பேர் தெரியாதே, "டாக்டரே, டாக்டரே, டாக்டரே"ன்னா. அப்புறம் தன் மூக்கையும் வாயையும் பொத்திக்கிட்டா. மழை தூறுது. அத்தனை ஜனம், ஒரு இருமல் இல்லை. ஒரு நாழிகை ஆச்சு. அதுக்கு மேலேயும் ஆச்சு.

நான் போய் அவ தோளைத் தொட்டேன். "போதும்மா, எழுந்துரு. டாக்டர் பூட்டாரு."

அவ கையை எடுக்கலை.

"இன்னும் கொஞ்ச நேரம் இரும்மா"ன்னா. "நானும் மெதுவாத்தானே மூச்சு வுட்டேன்."

அவ்வளவுதான். சுமதி, பேனா மூடி எங்கே போச்சு பாரு. இந்தா, முதல்ல இருந்து எனக்குப் படிச்சுக் காட்டு. தப்பு இருந்தா இருக்கட்டும், திருத்தாதே. அந்த "எறக்கு"ங்கிற இடம் வரும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாப் படிடீ, உங்கம்மா தனம் உள்ளே படுத்திருக்கா, அவளுக்கும் கேக்கட்டும்.